ஏறுற கியர்லயே இறங்கு

என் முதல் வண்டிக்கு நான் செய்த முதல் செலவு சைலன்சர். 1,800 ரூபாய். வண்டியே இருபத்திரண்டாயிரம்தான். ராசிபுரத்தில் ஒருவர் பத்து வருடம் ஓட்டித் தேய்த்த ஸ்ப்ளெண்டர். சேலத்துக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருவதிலேயே பாதி நாள் போகிறது என்று நான் புலம்பியதைக் கேட்டு, அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்தது.

97.2 சிசி. எட்டுக் குதிரைத் திறன், கொஞ்சம் முன்னே பின்னே. நாமக்கல் நெடுஞ்சாலையில் முட்டை ஏற்றிய வேன்கூட என்னைத் தாண்டிப் போகும். வகுப்பில் பாதிப் பேர் பெரிய வண்டி வைத்திருந்தார்கள். எனக்கு வேகம் வேண்டும், கையில் காசு இல்லை. இந்த இரண்டும் சேர்ந்த பையனைப் பார்த்ததும் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

“சைலன்சர் மாத்து தம்பி, வண்டி பறக்கும்” என்றார். மாற்றினேன். பறக்கவில்லை, கத்தியது. ஆனால் சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காது நம்பிவிடுகிறது. அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரி ஒன்றை மாட்டினேன். கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டினால் பெட்ரோல் விகிதம் குறையும், இன்ஜின் சூடாகும், நடு வேகத்தில் இழுவை செத்துப்போகும். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எங்கள் பக்கம் கல் குவாரியும் மண் ரோடும். அந்தத் தூசி நேராக உள்ளே போய் பிஸ்டன் ரிங்கை அரைக்கும் என்பதும் பிறகு தெரிந்ததுதான்.

மூன்றாவதாக முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன். செய்ததில் இது ஒன்றுதான் உண்மையிலேயே வேலை செய்தது. முன்னால் பதினான்கு பல் இருக்கும் இடத்தில் பதின்மூன்று போட்டால் இழுவை ஏழு சதவீதத்துக்கு மேல் கூடும். பதிலுக்கு, அதே வேகத்தில் போக இன்ஜின் அத்தனை அதிகமாகச் சுற்ற வேண்டும். மேட்டில் சுகம், நெடுஞ்சாலையில் அலறல்.

அந்த இழுவையைக் காட்டத்தான் ஆடிப் பதினெட்டுக்குத் தங்கச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போனேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. வண்டி ஏறியது. “அண்ணா, சூப்பரா இழுக்குதுண்ணா” என்றாள். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைப்பு. இருபது வளைவு தாண்டியதும் முன் பிரேக் லிவர் கைப்பிடிவரை வந்தது. பின் பிரேக்கை மிதித்தால் மிதி மட்டும் போனது. டிரம்முக்குள் ஷூ தேய்ந்து தகடாகியிருந்தது. மிச்சமிருந்ததும் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது. பதறிப்போய்க் கியரில் போடக்கூடத் தோன்றவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் திருப்பினேன், அது மட்டும்தான் செய்ய முடிந்தது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அவள் எழுதுவது இடது கையால். பத்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு எழுதவில்லை.

அப்பா லாரி டிரைவர். வடக்கே லைனுக்குப் போனவர் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, இரண்டு சக்கரத்தையும் கழற்றினார். ஷூவை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“அந்தக் கொழாய்க்கு எத்தன ரூவா ஆச்சு?”

“ஆயிரத்தி எட்நூறுங்ப்பா.”

“இந்த ஷூ என்ன வெல?”

எனக்குத் தெரியவில்லை. விசாரித்ததே இல்லை. மறுநாள் கேட்டேன். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நானூறு சொச்சம்.

“ஏறுற கியர்லயே எறங்கோணும் தம்பி. முப்பது டன்னு லோடு வெச்சுட்டு காட்ல எறங்கறவன் பிரேக்க நம்பமாட்டான். இன்ஜின்தான் புடிச்சுக் குடுக்கும். பிரேக்கு கடைசிக்கு.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு தங்கச்சியின் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு நான் செய்தவை இவை: புது பிரேக் ஷூ, கேபிள். பின்னால் நல்ல டயர், அளவு மாற்றாமல். செயின் ஸ்ப்ராக்கெட் செட், கம்பெனி கொடுத்த பல் கணக்கிலேயே. கார்புரேட்டர் கழுவி, ஸ்பார்க் பிளக், பழைய ஏர் ஃபில்டர் பெட்டி, நேரத்துக்கு ஆயில். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு காற்று என்று புத்தகத்தில் போட்டிருப்பதைப் படித்தேன். சைலன்சரைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். (2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறைகூட உண்டு. நான் கழற்றியது அதற்காக இல்லை.)

ஆச்சரியம் என்னவென்றால், வண்டி முன்பைவிட வேகமாகப் போனது. அடைத்துக் கிடந்த ஃபில்டரும், தொங்கிய செயினும், காற்றில்லாத டயரும் தின்றுகொண்டிருந்த எட்டுக் குதிரையில் பாதியாவது அப்போதுதான் சக்கரத்துக்கு வந்திருக்கும் என்று தோன்றியது. நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தால் கையும் தைரியமாகத் திருகுகிறது. முதல் வண்டி வாங்கிய யாராவது என்னிடம் என்ன மாற்றலாம் என்று கேட்டால், முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பார் என்கிறேன். கேட்ட முகம் சப்பென்று ஆகிவிடுகிறது.

தங்கச்சிக்கு மார்கழிக் குளிரில் இன்னும் மணிக்கட்டு வலிக்கும். அவள் சொல்லமாட்டாள். வலது கையால் இடதைப் பிடித்து விட்டுக்கொண்டிருப்பாள், நான் உள்ளே வந்ததும் நிறுத்திவிடுவாள். போன வருடம் அதே வண்டியில்தான் ஓட்டப் பழகினாள். ஏற்காட்டுக்கு அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். இறங்கும்போது வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கினாள். இன்ஜின் மெல்ல முனகிக்கொண்டு எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டது.