முன்னிலை யார்?

அபாயம், எச்சரிக்கை, கவனம் ஆகிய மூன்றையும் ஒரு பொருள் குறித்த பல சொற்களாகக் கொள்வதே தமிழ் படித்தவர்களின் இயல்பு. அமெரிக்க இயந்திரக் கையேடுகளில் அவற்றுக்கு ஈடான மூன்று சொற்களும் மூன்று படிநிலைகளைக் குறிக்கின்றன. சொன்னபடி நடக்காவிட்டால் உயிர் போவதோ பெருங்காயம் படுவதோ உறுதி என்னும் இடத்தில் மட்டுமே முதற்சொல் வரும். அவ்வாறு நேரக்கூடும் என்னும் இடத்தில் இரண்டாவது வரும். உயிருக்குப் பழுதில்லாத காயத்தோடு போய்விடும் என்னும் இடத்தில் மூன்றாவது வரும். நம் ஊரில் இந்த வரிசை வேறு. மின்கம்பத்தில் மண்டையோட்டின் கீழே 'அபாயம்' என்றிருக்கும். அதன் நிழலிலேயே மாட்டைக் கட்டியிருப்பார்கள். 'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதிய வாசலில் மட்டும் தபால்காரர் உட்பட எவரும் காலை வைக்கமாட்டார். ஆக, தமிழில் அச்சமூட்டும் சொற்களை வலிமைப்படி அடுக்கினால் எது முதலில் நிற்கும்? தமிழ்த்துறையைச் சேர்ந்த நாங்கள் மூவர் இந்தக் கேள்வியோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்றோம். காரணம் ஒரு புல்வெட்டி.

எங்கள் கல்லூரி மைதானத்துக்காக முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி வாங்கித் தந்த இயந்திரம் அது. தள்ளிக்கொண்டு நடக்கும் வகையும் அன்று, அமர்ந்து ஓட்டும் வகையும் அன்று. பின்புறம் உள்ள ஒரு படியில் நின்றுகொண்டு ஓட்டுவது. மேனாடுகளில் பூங்காக்களையும் பெருந்தோட்டங்களையும் ஒப்பந்தத்துக்குப் பராமரிப்பவர்கள் விரும்பிப் பயன்படுத்துவது. அதனுடன் வந்த கையேடு முழுவதும் ஆங்கிலம். ஓட்டப்போகிறவர்கள் மைதானப் பணியாளர் இருவர். மூத்தவர் ஐம்பதைக் கடந்தவர். இளையவர் அவருடைய அக்காள் மகன். இருவரும் தினத்தாளை வரி விடாமல் வாசிக்கக்கூடியவர்கள், ஆனால் தமிழில் மட்டும். கையேட்டைத் தமிழில் சுருக்கிக் கொட்டகையில் பலகையாக மாட்டும் பொறுப்பை முதல்வர் எங்களிடம் தந்தார். விரலைப் பறிக்கக்கூடிய எழுத்துப்பிழையை நாங்கள் அதுவரை திருத்தியதில்லை.

மிகையாகச் சொல்லவில்லை. மூத்தவரின் வலக்கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. இங்கு வருவதற்கு முன் அவர் வேறோர் இடத்தில் தோட்டவேலை பார்த்தவர். அங்கிருந்தது தள்ளி நடக்கும் பழைய பெட்ரோல் இயந்திரம். கைப்பிடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டிய கம்பி ஒன்று அதில் இருந்தது. கையை எடுத்தால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். அதற்காகவே வைத்த கம்பி. அதை யாரோ சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மழைக்காலத்து ஈரப்புல் அடைத்துக்கொண்டு சத்தம் அமுங்கியது. புல்லை எடுக்கக் கையை விட்டார். "நின்னுருச்சுன்னு நெனச்சேன் சார்" என்பதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்காவில் 1982 முதல், தள்ளி நடக்கும் வீட்டு உபயோகப் புல்வெட்டிகளில் பிடியை விட்ட 3 நொடிக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர்கள் பிடியைக் கட்டி வைப்பவர்களை நினைத்துப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை; கட்டுவதற்குரிய காரணத்தை நிச்சயம் நினைத்திருக்கமாட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறோம்.

புதிய இயந்திரத்துக்குத் திசைதிருப்பும் வட்டு இல்லை. பின்சக்கரம் இரண்டும் தனித்தனியே ஹைட்ராலிக் விசையில் ஓடுகின்றன. இடக்கை நெம்புகோல் இடச்சக்கரத்துக்கு, வலக்கையது வலச்சக்கரத்துக்கு. இரண்டையும் ஒரே அளவு தள்ளினால் நேராகப் போகும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் அசைத்தால் நின்ற இடத்திலேயே சுழலும். அப்படிச் சுழற்றுவது பார்க்க அழகு. ஆனால் உட்புறச் சக்கரம் தேய்த்த இடத்தில் அருகம்புல் தோல் உரிந்ததுபோல் பெயர்ந்து வந்துவிடும். மூத்தவர் முதல் நாளே இதைக் கண்டுகொண்டு, பின்னுக்கு எடுத்து வளைத்துத் திருப்பப் பழகிக்கொண்டார். கையேடும் பின்னால் எங்கோ ஓர் இடத்தில் இதையே சொல்கிறது.

நிற்கும் பலகையை அவர்கள் இருவரும் 'படி' என்றே சொன்னார்கள். நாங்களும் அப்படியே எழுதினோம். 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்று பேருந்துகளில் படித்து வளர்ந்த நாட்டில், படியில் நிற்பதுதான் பாதுகாப்பு என்று சொல்லும் வாகனம் இது. அமர்ந்து ஓட்டும் இயந்திரம் சரிவில் கவிழ்ந்தால் ஆள் அடியில் சிக்குவார். இதில் பின்பக்கமாக இறங்கிவிட வழியுண்டு. அதற்காகச் சரிவைத் துச்சமாக எண்ணிவிடவும் முடியாது. 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக்கூடாது என்கிறது எங்கள் கையேடு. பாகை என்றால் யாருக்குப் புரியும்? 10 அடி நடப்பதற்குள் தரை ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி உயர்ந்தால் அதுதான் 15 பாகை. இளையவர் உடனே, "அப்ப ஓடைக்கரைப் பக்கம் கையரிவாள்தான்" என்றார். பலகையில் அந்த வரி 'ஓடைக்கரையில் கையரிவாள்' என்றே இருக்கிறது. பாகைக் கணக்கு எங்களோடு நின்றுவிட்டது.

அரிவாளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கதிரறுப்பவர் இடக்கையால் தாளைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் அறுக்கிறார். 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் வட்டாரத்தில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கிய முதல் புல்வெட்டியும் ஏறக்குறைய இதே முறையில்தான் வேலை செய்தது. கம்பளித்துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவர் அதைச் செய்தார். சுழலும் கத்திகளுக்கு எதிரே அசையாத கத்தி ஒன்று. இரண்டுக்கும் இடையே புல், கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல. இன்றைய சுழல்கத்திக்கு அப்படிப் பிடித்துக்கொள்ளும் கை இல்லை. நிற்கிற புல்லை வேகம் ஒன்றாலேயே வெட்டியாக வேண்டும். அந்த வேகத்துக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு, கத்தியின் முனைக்கு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 347 கிலோமீட்டர். விளையாட்டு விழா முடிந்த மைதானத்தில் கிடக்கும் சோடா மூடி ஒன்று அந்த முனையில் பட்டால் எந்தத் திக்கில், யார் கண்ணை நோக்கிப் போகும் என்று சொல்லமுடியாது. புல் வெளியேறும் வாயின் மேல் தொங்கும் மூடியைத் தூக்கிக் கட்டக்கூடாது என்பதும், சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பதும், வேடிக்கை பார்க்கும் சிறுவனைப் படியில் ஏற்றிக்கொள்ளக்கூடாது என்பதும் இதனால்தான்.

ஆகவே வெட்டுவதற்கு முன் மைதானத்தை ஒருமுறை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். இதை மட்டும் எங்கள் பணியாளர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல், கம்பி, உடைந்த ஸ்டம்பு, நெருஞ்சிப் படர்த்தி எல்லாம் அந்த நடையில் அகப்படும். கோடைத் தொடக்கத்தில் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். கூழாங்கல்லுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. தலைக்கு மேல் பறந்து கத்தும் குருவியைக் கொண்டே இடத்தைக் கணித்து, நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுவார் மூத்தவர். ஆறேழு வாரம் அந்தச் சதுரத்தில் மட்டும் புல் முழங்கால் உயரம் நிற்கும். உடற்கல்வித் துறையினருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, எங்களுக்கு இல்லை.

மொழிக்கு வருவோம். கலைச்சொல்லில் தொடங்கியது தகராறு. எங்களில் ஒருவர் 'தீப்பொறிச் செருகி' என்பதில் உறுதியாக நின்றார். அழகான சொல்தான். ஆனால் கொட்டகையில் பிளக்குக்குப் பெயர் பிளக். கத்திக்குக் கத்தி, பெல்ட்டுக்குப் பெல்ட், கத்தியை மூடியிருக்கும் இரும்புக் கூட்டுக்குச் சட்டி. கவிழ்த்த சட்டிபோல் இருப்பதைச் சட்டி என்று அவர்களே பெயரிட்டிருக்கும்போது நாங்கள் வேறென்ன பெயர் தேடுவது? ஆசையோடு வந்த நண்பர் சட்டியைக் கண்டதும் செருகியைக் கைவிட்டார்.

வினைமுற்று அதைவிடச் சிக்கலானது. ஆங்கிலக் கையேட்டின் ஒவ்வொரு வரியும் ஏவல். 'கட்டாதே' என்றால் வயதில் மூத்தவரை ஒருமையில் விளித்ததாகும். 'கட்டாதீர்கள்' என்றால் மரியாதை இருக்கிறது, ஆனால் கெஞ்சல்போல் ஒலிக்கிறது. 'கட்டற்க' என்று எழுதியிருந்தால் கொட்டகை சிரித்திருக்கும். 'கட்டக்கூடாது' என்பதில் யாரும் யாரையும் விளிக்கவில்லை. இந்த இடத்தில்தான் நாங்கள் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் பாடம் எங்களையே மறித்தது. ஏவல் முன்னிலைக்கு உரியது. வியங்கோளோ இடம், பால் அனைத்துக்கும் பொது என்கிறது நன்னூல். அப்படியானால் இந்தக் கையேடு ஏவுகின்ற முன்னிலை யார்?

'கண்ணாடியும் காதுமூடியும் கனத்த காலணியும் அணிக' என்கிறது கையேடு. வாங்கித் தந்தால்தானே அணிவது? 'தேய்ந்த கத்தியை மாற்றுக' என்கிறது. பணம் யார் கையில் இருக்கிறது? 'களைப்புற்றிருக்கையில் இயக்கற்க' என்கிறது. காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முழு மைதானத்தையும் முடிக்கச் சொல்பவர் யாரோ, அவரல்லவா இந்த வரியின் முன்னிலை? பிடியை ஏன் கட்டுகிறார்கள் என்று மூத்தவரிடம் கேட்டோம். "அரை மணிக்கு மேல அமுக்கிப் புடிச்சா வெரல் மரத்துப்போகுது சார். விட்டா நிக்குது. நின்னா மறுபடி கௌப்பணும். வேலை முடியலைன்னா கேள்வி வரும். கட்டாம என்ன செய்ய?" என்றார். கட்டியவர் முட்டாளும் அல்லர், முரடரும் அல்லர். கையை எடுத்தால் நிற்கும் இயந்திரத்தையும், நின்றால் கேள்வி கேட்கும் மேலாளரையும் ஒருசேரச் சமாளிக்க அவருக்குக் கிடைத்தது ஒரு துண்டு டியூப்.

எனவே பலகையை இரண்டாகப் பிரித்தோம். ஒன்று கொட்டகைக்கு, மற்றொன்று அலுவலகத்துக்கு. அலுவலகப் பலகையில் ஐந்தே வரிகள். முதல் வரி: அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஒருவர் மட்டும் வந்திருக்கும் நாளில் பாதி மைதானம் போதும். அதைச் சுவரில் மாட்டுவதில் தயக்கம் இருந்தது. அலுவலகத்துக்கு எவரும் பலகை எழுதிப் பழக்கமில்லை. மூன்று கூட்டம் நடந்தது. அந்தக் கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. இப்போது அது காசாளர் மேசைக்கு எதிரே தொங்குகிறது. கையுறையும் கண்ணாடியும் வந்துவிட்டன. காதுமூடி ஒன்றுதான் வந்திருக்கிறது, இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள்.

கொட்டகைப் பலகையில் பெரும்பகுதி பராமரிப்பு. சட்டிக்குள் கைவிடும் முன் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிளக் வயரைக் கழற்ற வேண்டும். பிடியை விட்ட கணத்திலேயே கத்தி நின்றுவிடாது. சில நொடி சுழன்றுதான் ஓயும். நின்ற பிறகும் ஒரு கத்தியைத் திருப்பினால் பெல்ட் வழியாக மற்றக் கத்தியும் திரும்பும். மூத்தவர் இந்த வரியை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தூக்கி நிறுத்தும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். பெட்ரோலைக் கொட்டகைக்குள் ஊற்றக்கூடாது, சூடு ஆறாமலும் ஊற்றக்கூடாது. செம்மண் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்துவிடுவதால் கையேடு சொல்லும் கெடுவுக்கு முன்பே அதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் குழாயில் கசிவு தேடும்போது கையால் தடவக்கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து அகற்றியாக வேண்டும். அட்டைத்துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

கத்தி தீட்டுவது தனிக்கலை. இரண்டு முனையும் ஒரே எடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழற்சியில் அதிர்ந்து தாங்கியைத் தின்றுவிடும். சுவரில் ஓர் ஆணி அடித்து, கத்தியின் நடுத்துளையை அதில் மாட்டிப் படுக்கைவாட்டில் நிறுத்தினால், கனத்த பக்கம் தாழும். அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தீட்ட வேண்டும். இளையவர் இதைச் செய்வதைப் பார்க்க நாங்கள் வகுப்பில்லாத நேரங்களில் கொட்டகைக்குப் போவதுண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். கத்தி ஒருபுறமும் சாயாமல் நிற்கும்போது ஆணியிலிருந்து கழற்றவே மனம் வராது அவருக்கு.

தலைப்புச் சொல்லாக இறுதியில் 'ஜாக்கிரதை' என்றே சிவப்பில் எழுதினோம். பிடியைக் கட்டக்கூடாது என்ற வரியின் கீழே மூத்தவர் தம் கையால், நுனியற்ற அந்த விரல்களுக்கிடையே சாக்குக்கட்டியைப் பிடித்து, ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு ஓட்டவும்.' மணிமானியில் இப்போது 96. நூறானதும் ஆயில் மாற்ற வேண்டும். அலுவலகத்துக்குச் சீட்டு அனுப்பியாகிவிட்டது.