துஆவும் மண் பரிசோதனையும்



சென்ற கோடையில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் ஹவ்ளருகே நாம் அமர்ந்திருந்தோம். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் கூறினார். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறிகளின் ஓசைக்கிடையே வளர்ந்தவர் அவர். திருமணத்திற்குப் பின் மதுராந்தகத்தை அடுத்த ஒரு கிராமத்தில் மாமனாரின் மூன்று ஏக்கர் நிலத்தில் கரும்பு பயிரிட்டு வருகிறார். முகம் வாடியிருந்தது.

"ஹஜ்ரத், கரும்பு தூர் கட்டவே இல்லை. இலைகள் ஊதா நிறமாக மாறுகின்றன. நடும்போது ஆறு மூட்டை டிஏபி போட்டேன். பயிர் எழவில்லை என்று வீட்டில் இருந்த நகையை வட்டிக்கு அடகு வைத்து, இன்னும் ஆறு மூட்டை வாங்கித் தூவினேன். அப்படியும் பலனில்லை. நீங்கள் துஆச் செய்யுங்கள்."

நாம் துஆச் செய்தோம். பொறுமையைக் குறித்து நான்கு வார்த்தைகள் கூறினோம். வட்டியின் தீமையையும் நினைவூட்டினோம். அவர் தலைகுனிந்து கேட்டுவிட்டுச் சென்றார்.

மறுவாரம் நம் வகுப்பில் பாடமாக அமைந்தது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் பேரீச்ச மர ஹதீஸ். மதீனா மக்கள் ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்ப்பதை நபி (ஸல்) அவர்கள் காண்கிறார்கள். அது தேவையில்லை என்பதுபோல் அவர்கள் கூறிய ஒரு கருத்தைக் கேட்டு மக்கள் அவ்வழக்கத்தை விட்டுவிட, விளைச்சல் குறைந்துவிடுகிறது. செய்தி எட்டியபோது, உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்னும் பொருள்பட நபியவர்கள் விளக்கமளிக்கிறார்கள். இந்த ஹதீஸை நாம் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறோம். அன்று அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே நா தடுமாறியது. பயிரைப் பற்றிக் கேட்டு வந்தவரிடம், 'இது எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் போவோம்' என்று நாம் சொல்லவில்லை. நம் அறியாமையைப் பொறுமை குறித்த உபதேசத்தால் மூடிவிட்டோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

மதரஸா விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய ஊருக்குச் சென்றோம். வேளாண் அலுவலர் ஒருவரையும் வயலுக்கு வருமாறு மாணவர் அழைத்திருந்தார். அந்த அலுவலர் கரும்பைப் பார்ப்பதற்கு முன் மண்ணைத்தான் பார்த்தார். மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்திக் காட்டினார். மேலே தூவிய உரத்தின் மணிகள் சில இன்னும் கரையாமலே கிடந்தன. அரை அடி ஆழம்வரை மண் காய்ந்து கட்டியாக இருந்தது.

அவர் கூறியவற்றை நாம் புரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறோம். விவசாயம் செய்யும் சகோதரர்களுக்கு இது பயன்படலாம்.

டிஏபியில் தழைச்சத்து 18 விழுக்காடும் மணிச்சத்து 46 விழுக்காடும் உள்ளன. எனவே 50 கிலோ மூட்டை ஒன்றில் மணிச்சத்து மட்டும் 23 கிலோ. மண் பரிசோதனை செய்யாத நிலையில் கரும்புக்கான பொதுப் பரிந்துரை எக்டருக்கு 100 கிலோ மணிச்சத்து, அதாவது ஏக்கருக்கு 40 கிலோ. நம் மாணவரோ ஏக்கருக்கு நான்கு மூட்டை வீதம் 92 கிலோ இட்டிருக்கிறார். தேவையைப் போல் இரு மடங்குக்கும் மேல் போட்ட பிறகும் பயிர் மணிச்சத்துக் குறைவின் அடையாளங்களையே காட்டுகிறது. இது எப்படி?

தழைச்சத்து நீரோடு எளிதில் நகரும். மணிச்சத்து அப்படி நகர்வதில்லை. இட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தூரமே செல்லும். அதற்கும் மண்ணில் ஈரம் வேண்டும். ஈரம் வற்றினால் மணிச்சத்து நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணில் வேரும் நீளாது. அதனால்தான் மணிச்சத்தை நடவின்போதே சாலில் இட்டு, கரணைக்கு அருகில் மண்ணோடு கலந்துவிடச் சொல்கிறார்கள். வளர்ந்த பயிரின் மேல் தூவியது வேருக்கு எட்டுவது அரிது.

இரண்டாவது காரணம் மண்ணின் தன்மை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. அமில மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து அவ்வாறே ஆகிறது. இட்ட மணிச்சத்தில் சிறு பங்கை மட்டுமே அந்த ஆண்டுப் பயிர் எடுத்துக்கொள்ளும். மீதி மண்ணில் தங்கும். ஆண்டுதோறும் இட்டுவந்தால் ஆண்டுதோறும் அது சேர்ந்துகொண்டே போகும்.

மூன்றாவதாக, மணிச்சத்து அளவு கடந்தால் துத்தநாகச் சத்தைப் பயிர் எடுப்பது தடைப்படும். ஆக, குறையைத் தீர்க்க இட்ட உரமே இன்னொரு குறையை உண்டாக்கிவிடும்.

நட்ட இரண்டாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம் வரை கரும்பு தூர் கட்டி வளரும் பருவம். தண்ணீர்த் தட்டுப்பாட்டை அது தாங்காத காலமும் இதுவே. நம் மாணவரின் கிணறு சரியாக அந்நாட்களில்தான் வற்றியிருந்தது. தாகத்தால் வாடிய பயிருக்கு அவர் மூட்டை மூட்டையாக உணவைக் கொட்டியிருக்கிறார்.

"மண் பரிசோதனை செய்தீர்களா?" என்று அலுவலர் கேட்டார். மாணவர் பேசவில்லை. பக்கத்து வயல்காரர் போட்டதைப் பார்த்து இவரும் போட்டிருக்கிறார்.

மண் எடுக்கும் முறையையும் அன்று கற்றோம். வரப்பு, மர நிழல், எருக்குவியல் ஆகியவற்றுக்கு அருகில் எடுக்கக் கூடாது. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், கரும்புக்கு ஏறக்குறைய முக்கால் அடி ஆழத்திற்கு 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அரை கிலோ மட்டும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சில வாரங்களில் முடிவு வந்தது. கிடைக்கக்கூடிய மணிச்சத்து எக்டருக்கு 22 கிலோவைத் தாண்டினால் அதிகம் என்பது கணக்கு. அவர் நிலம் அந்த எல்லையை எப்போதோ கடந்திருந்தது. நகையை அடகு வைத்து வாங்கிய ஆறு மூட்டையும், மூட்டைக்கு 1,350 ரூபாய் வீதம் 8,100 ரூபாயும், தேவையே இல்லாத செலவு.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களில் வானத்தை உயர்த்தியதைக் கூறிய உடனேயே அல்லாஹ் மீஸான் என்னும் தராசைக் குறிப்பிடுகிறான். அளவில் வரம்பு மீறவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று எச்சரிக்கிறான். அல்ஹிஜ்ர் அத்தியாயத்தில், பூமியில் முளைப்பவை அனைத்தும் அளவோடு முளைப்பிக்கப்பட்டவை என்கிறான். கடைத்தெருவின் தராசைப் பற்றி நாம் எத்தனையோ ஜும்ஆ பயான்களில் பேசியிருக்கிறோம். வயலிலும் ஒரு தராசு இருப்பதை ஒருமுறையேனும் பேசியதில்லை. நம் ஊர்ச் சாயப் பட்டறையில் பட்டுநூலின் எடைக்கேற்பச் சாயத்தை நிறுத்துப் போடுகிறார்கள். அதிகம் போட்டால் நூல் அதை ஏற்காது, நீரோடு போய்விடும் என்பது அங்கு வேலை செய்யும் சிறுவனுக்கும் தெரியும். அந்த நிதானம் உரத்திலும் வேண்டும்.

அளவு மீறுவதால் நட்டம் ஒருவரோடு நிற்பதுமில்லை. மழையில் மண்ணோடு அரித்துச் செல்லப்படும் மணிச்சத்து ஏரியை அடைந்து பாசியைப் பெருக்குகிறது. நம் பகுதி ஏரிகளை நம்பி வாழும் பகுதி. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மேலும், இந்த உரத்தின் மூலப்பொருளான பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியை நம் நாடு வெளியிலிருந்தே வாங்குகிறது. உலகிலேயே அதிக இருப்பு மொராக்கோவில் உள்ளது. தோண்டத் தோண்டக் குறையும் அந்தப் பாறையை நம்மால் திரும்ப உண்டாக்க இயலாது. அதை வீணாக்குவதும் இஸ்ராஃப்தான்.

அலுவலர் சொன்னபடி மாணவர் செய்தார். அவ்வாண்டு மேற்கொண்டு டிஏபி வாங்கவில்லை. இருந்த கொஞ்ச நீரை ஒரு சால் விட்டு ஒரு சாலுக்குப் பாய்ச்சினார். எரிக்க வைத்திருந்த கரும்புச் சோகையைச் சால்களில் பரப்பி ஈரத்தைக் காத்தார். வறட்சியைத் தாங்கச் சாம்பல் சத்தும், இலைவழித் தெளிப்பாகத் துத்தநாக சல்பேட்டும் கொடுத்தார். மண்ணில் பூட்டிக்கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவைத் தொழுவுரத்தில் கலந்து இட்டார். பிறகு அல்லாஹ்வின் அருளால் மழையும் வந்தது. பயிர் தேறியது, ஆனால் முழு விளைச்சல் இல்லை. இழந்த தூர்கள் திரும்பவில்லை.

நகை விஷயத்தில் நமக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. வட்டி ஹராம் என்று சொன்ன நாம், வட்டியில்லாத வழியைக் காட்டவில்லையே! மஹல்லாவில் நால்வரிடம் பேசினோம். கர்ளன் ஹஸனாவாகத் தொகை திரட்டி நகையை மீட்டுக் கொடுத்தோம். அந்த நால்வரின் பணமும் கேட்பாரின்றி வங்கியில்தான் கிடந்தது. கேட்டவுடன் மகிழ்ந்து கொடுத்தார்கள்.

வெட்டு முடிந்து ஆலையில் பணம் வந்ததும் மாணவர் மீண்டும் வந்தார்.

"ஹஜ்ரத், இவ்வளவு நட்டத்திலும் உஷ்ர் கடமையா?"

இது நமக்குத் தெரிந்த கேள்வி. ஹனஃபி மத்ஹபின்படி கரும்பிலும் உண்டு. மழையாலும் ஆற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. விவசாயியின் சிரமத்தை மார்க்கம் கணக்கில் எடுத்திருப்பதை விளக்கினோம். மோட்டார் வைத்து நீர் இறைத்தவர் அவர். இருபதில் ஒரு பங்கைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குச் சென்றார்.

இம்முறை நடவுக்கு முன்பே அவர் மண்ணை அனுப்பிவிட்டார். முடிவு வந்ததும் அந்தத் தாளை நம்மிடம் காட்டிவிட்டு, "துஆச் செய்யுங்கள் ஹஜ்ரத்" என்றார். மனநிறைவோடு கையேந்தினோம்.

யா அல்லாஹ்! எங்கள் நிலங்களில் பரக்கத் செய்வாயாக. அறியாததை அறிந்தவரிடம் கேட்கும் பணிவை எங்களுக்குத் தருவாயாக. அளவு மீறுவோரில் எங்களை ஆக்கிவிடாதே. ஆமீன்.