அம்பூரிக்கு ஏற்ற டோசர்

பாறசாலை, நெய்யாற்றங்கரை பக்கத்திலிருந்து கிழக்கே ஏறினால், வெள்ளறடையைத் தாண்டி வரும் கேரள மலையோர ஊர் அம்பூரி. ஒரு பக்கம் நெய்யாறு அணையின் நீர்த்தேக்கம். இன்னொரு பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்துகாணியும் ஆறுகாணியும். நீர்த்தேக்கத்தின் அக்கரையில் காணிக்காரர் குடியிருப்புகள். இக்கரைச் சரிவுகளில் ரப்பர். 1956இல் மாநில எல்லை நடுவே விழுந்தாலும் இருபுறமும் ஒரே மண், ஒரே ஐப்பசி மழை. அந்த மழைக்காலத்தில்தான், 2001 நவம்பர் 9ஆம் தேதி, மலை சரிந்து நாற்பது பேரளவில் மாண்டார்கள். பாறைமேல் படிந்திருக்கும் மண் நீரைக் குடித்துக் கனத்து, உள்ளே நீரழுத்தம் ஏறும்போது பிடிப்பு விட்டுப் போகிறது. ரப்பருக்காக வெட்டிய படிகளில் வடிகால் இல்லையென்றால் ஆபத்து கூடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் பாதையில் விழும் மண்ணை ஒதுக்க எந்த இயந்திரம் பொருந்தும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. பழைய டிராக்டரின் முன்னால் பட்டறையில் செய்து மாட்டும், மண் தள்ளும் டோசர் பலகைதான் பொருந்தும் என்பது என் வாதம்.

தமிழ்நாட்டில் நிலம் சமன்செய்ய இத்தகைய டோசர்களை மாட்டுவது புதிதல்ல. எங்கே மாட்டுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பழைய விவசாய டிராக்டருக்குத் தனிச் சட்டகம் கிடையாது; எஞ்சினும் கியர்பாக்ஸ் கூடுமே அதன் முதுகெலும்பு. முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுகிறது. பலகையை முன்னாலேயே போல்ட் போட்டுவிட்டால், கல்லில் இடிக்கும் முதல் அடியிலேயே வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். ஆகவே இருபுறமும் கனமான சேனல் இரும்பைப் பின் அச்சுக் கூடு வரை நீட்டிப் பிணைக்க வேண்டும். தள்ளும் விசை அங்கிருந்துதான் வர வேண்டும். தரையைத் தொடும் விளிம்பைத் தனிப் பட்டையாகப் போல்டில் மாட்டினால், தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். புதைந்த கல் தட்டும்போது பலகை பின்னால் மடங்கித் திரும்ப வலுவான ஸ்பிரிங் வேண்டும். முன்னால் ஏறும் கனத்துக்கு ஈடாகப் பின்னால் எடை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும், பிரேக்கும் வலுவிழக்கும்.

ஜேசிபி ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்பார்கள். பெருஞ்சரிவுக்கு ஜேசிபிதான் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே இரவில் பத்து இடத்தில் மண் விழுந்தால் ஜேசிபி முதலில் பெரிய சாலைக்குத்தான் போகும். உள்பாதைகள் காத்துக் கிடக்கும். மேலும், வாளியும் நீண்ட கையும் உள்ள இயந்திரம் வந்தால் சரிவின் அடிவாரத்தையும் கொஞ்சம் வெட்டி வழியை அகலப்படுத்தும் ஆசை வரும். அடிவாரம் போனால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் ஏது? டிராக்டர் பலகையால் அவ்வளவு வெட்ட முடியாது. விழுந்த மண்ணை ஒதுக்க மட்டுமே முடியும். அந்தக் குறைவே இங்கே பாதுகாப்பு.

மலையில் டிராக்டர் கவிழாதா என்பது கனமான ஆட்சேபம். கவிழும். ஆகவே சரிவில் இறக்கவே கூடாது. பாதையின் சமதளத்தில் மட்டும், பலகையைத் தாழ்த்தி வைத்து, ஓட்டுநர் தலைக்குமேல் உறுதியான பாதுகாப்புச் சட்டகத்துடன், மழை விட்டு மண் அசைவு நின்ற பிறகே ஓட்ட வேண்டும். சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியை விருப்பம்போல மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே பலகை கழற்றி மாட்டும் கருவியாகவே இருக்கட்டும். பொதுச் சாலையில் இறக்குமுன் அதிகாரிகளிடம் கேட்டுத் தெளிவது நல்லது. இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, ஒதுக்கிய மண்ணைப் பாதையின் கீழ்விளிம்பில் தள்ளுவது. இறுகாத அந்த மண் அடுத்த மழைக்கு ஓடையை அடைக்கும், அல்லது தானே சரியும். ஆகையால் பலகை செய்வதற்கு முன்பே, மண்ணைக் கொண்டு குவிக்கும் இடத்தை ஊர் கூடிக் குறிக்க வேண்டும். அந்த இடமும் பட்டறை வேலையும் பழகிய ஓட்டுநரும் ஐப்பசிக்கு முன் தயாராக இருந்தால், அம்பூரியின் உள்பாதையில் நோயாளியை ஏற்றிய வண்டி ஜேசிபிக்காகக் காத்து நிற்க வேண்டியிராது.