பத்து குதிரை, பத்தடி மணல்

கார் வாங்கணும்னா அறிவுரை சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. பைக் வாங்கணும்னா பக்கத்து சீட்டுக்காரனே போதும், வேண்டாம்னாலும் சொல்லுவான். ஒரு மீன்பிடி படகும் அதுக்கு ஒரு இஞ்சினும் வாங்கணும்னா யாரைக் கேப்பீங்க? "பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குய்யா படகு?"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. படகு எனக்கு இல்லீங்க, நண்பனுக்கு. கணக்கு மட்டும் என்னோடது :)

நம்ம ஊர் திண்டிவனம். பேருந்து நிலையத்துல நின்னா கடல் வாசனைகூட வராது. மாவட்டத் தலைநகர் விழுப்புரத்துலயும் அதே கதைதான். ஆனா மாவட்டத்துக்குக் கடல் உண்டு. மரக்காணத்துல இருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் ஈ.சி.ஆர். ஓரமா வரிசையா குப்பங்கள். அதுக்குத் தெற்கே புதுச்சேரி வந்துடும். நண்பன் வீடு பொம்மையார்பாளையத்தை ஒட்டின ஒரு குப்பத்துல. விழுப்புரத்துல என்னோட இன்ஜினியரிங் படிச்சவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில ரெண்டு வருஷம் ஷிப்ட் பாத்துட்டு, "போதும்டா"ன்னு அப்பாவோட கடலுக்குத் திரும்பிட்டான்.

அவங்க வீட்டுப் பழைய படகு 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா வந்த பைபர் போட். அதுவரைக்கும் இந்தக் கரையில கட்டுமரம்தான் ராஜா. சுனாமிக்கு அப்புறம் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டு பைபர் படகு குடுத்ததுல கட்டுமரம் வேகமா குறைஞ்சு போச்சு. அப்படி வந்த படகு இத்தனை வருஷம் உழைச்சதே பெரிய விஷயம். ஒட்டு மேல ஒட்டு போட்டு, போன வாடைக்காத்து சீசன்ல அணியத்துல (அதாங்க, படகோட முன்பக்கம்) விரிசல் விட்டுடுச்சு. இனிமே புதுசுதான்னு முடிவாச்சு. அம்மாவோட நகை கொஞ்சம், மகளிர் குழுக் கடன் கொஞ்சம், மீதி இவன் கம்பெனியில சேத்தது. ஆக, தப்பா வாங்கினா திருப்பிக் குடுக்குற சமாச்சாரம் இல்ல.

நண்பன் ஆசைப்பட்டது முப்பதடி பைபர், பின்னாடி பளபளன்னு ஒரு அவுட்போர்டு இஞ்சின், நாலு ஆளு. அவங்க அப்பா சொன்னது இருபத்தி நாலடி, லாங் டெயில் டீசல், ரெண்டு ஆளு. வீட்டுல ரெண்டு வாரமா இதே பஞ்சாயத்து. "மச்சான், நீ எக்ஸெல்ல போட்டுக் காட்டு"ன்னு என்னைக் கூப்பிட்டான். ஆணி கம்மியா இருந்த வாரம், ஒத்துக்கிட்டேன்.

முதல்ல ரெண்டு இஞ்சினுக்கும் வித்தியாசம். அவுட்போர்டுன்னா இஞ்சின், கியர், விசிறி எல்லாம் ஒரே பெட்டி. அதை படகோட பின்பலகையில மாட்டி இறுக்கிட வேண்டியதுதான். இதை வியாபாரமா ஆக்கினவர் ஓலே எவின்ரூட். நார்வேயில பொறந்து அமெரிக்காவுல குடியேறினவர், 1909ல விற்க ஆரம்பிச்சார். அந்த எவின்ரூட் பேர்ல இஞ்சின் தயாரிப்பு 2020ல நின்னு போச்சு. யமஹா தன்னோட முதல் அவுட்போர்டை விட்டது 1960ல. லாங் டெயில் ஒரு மாதிரி நாட்டுச்சரக்கு. சாதாரண டீசல் இஞ்சின் ஒண்ணு படகுக்குள்ள உக்காந்திருக்கும். அதுல இருந்து நீளமா ஒரு கம்பி பின்னாடி போய், நுனியில விசிறி. கைப்பிடியை அழுத்தினா விசிறி தண்ணியை விட்டு மேல வந்துடும். பாக்க அழகா இருக்காது, சத்தம் காதைக் கிழிக்கும்.

இப்ப கணக்கு. பத்து குதிரைசக்தின்னா சுமார் ஏழரை கிலோவாட். ஒரு யூனிட் (கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தான்) வேலை செய்ய சின்ன டீசல் இஞ்சின் சுமார் 250 கிராம் எண்ணெய் குடிக்கும். பழைய பாணி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு சுமார் 450 கிராம் குடிக்கும். முழு வேகத்துல ஓடினா டீசல் மணிக்கு ரெண்டேகால் லிட்டர் பக்கம், பெட்ரோல் நாலரை லிட்டர். போக முக்கால் மணி, வர முக்கால் மணின்னு வைங்க. பெட்ரோல் 100 ரூபா, டீசல் 90 ரூபான்னு முழுசா வச்சா, ஒரு தடவை கடலுக்குப் போய் வர்றதுல வித்தியாசம் கிட்டத்தட்ட 370 ரூபா. மாசம் இருபது நாள்னா ஏழாயிரத்துக்கு மேல. ஃபோர் ஸ்ட்ரோக் கம்மியா குடிக்கும், ஆனா விலையும் எடையும் கூட.

அடுத்தது வேகம். தண்ணியை விலக்கிட்டுப் போற படகுக்கு அதோட நீளமே ஒரு வேக வரம்பு வைக்கும். நீர்மட்டத்துல எத்தனை அடி நீளமோ அதோட வர்க்கமூலத்தை 1.34ஆல பெருக்கினா, மணிக்கு இத்தனை கடல் மைல்னு தோராயமா வரும். இருபத்தி நாலடிக்கு 6.6. முப்பதடிக்கு 7.3. ஆறடி கூட வாங்கினா ஒரு கடல் மைல்கூட ஏறலை! அதுக்கு மேல போகணும்னா தண்ணியை விலக்காம தண்ணி மேல சறுக்கணும். அதுக்குப் பத்து குதிரை பத்தாது, பெரிய இஞ்சின் வேணும்.

"அமெரிக்காக்காரன் அப்படித்தான் போறான்"ன்னு நண்பன் ஒரு வீடியோ காட்டினான். பேஸ்னு ஒரு மீன், நம்ம கொடுவாவுக்கு தூரத்து பங்காளி மாதிரி. அதைப் பிடிக்கறதுக்குன்னே அங்க தனிப் படகு இருக்கு. லூசியானாவுல ஹோம்ஸ் தர்மண்ட்ங்கறவர் 1948ல ஆரம்பிச்சு வச்சது. இன்னைக்குப் போட்டிகள்ல 250 குதிரை வரைக்கும் மாட்டிக்கிட்டுப் பறக்குறாங்க. பிடிச்ச மீனை எடை போட்டுட்டு உயிரோட தண்ணியிலயே விட்டுடுவாங்க. இதைச் சொன்னதும் பக்கத்துல வலைக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டிருந்த நண்பனோட அப்பா தலையைத் தூக்கினார்.

"250 குதிரையில போய் புடிச்சி... திருப்பி உட்டுடுவானா?"

"ஆமாப்பா."

"அப்ப ஏலத்துக்கு எதைத் தம்பி குடுப்பான்?"

அவ்வ்வ். இதுக்கு எக்ஸெல்ல காலம் இல்லைங்க.

எண்ணெய் கணக்குல லாங் டெயில் ஜெயிச்சது. ஆனா படகு அளவுல என் கணக்கு நண்பன் பக்கம்தான் நின்னுச்சு. பெரிய படகுன்னா வலை அதிகம், ஐஸ் பெட்டி வைக்கலாம், கரையோரத்துல மீன் இல்லாத நாள்ல இன்னும் தூரம் போகலாம். தமிழ்நாட்டுல 1983ஆம் வருஷச் சட்டப்படி கரையை ஒட்டின கடல்ல விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. அந்த இடம் சின்னப் படகுக்காரங்களுக்கு. ஆனா அந்த இடத்துக்குள்ள எத்தனை பைபர் போட்டி போடுதுன்னு காலையில கரையில நின்னு எண்ணிப் பாத்தா தெரியும். அதனால நண்பன் கேட்டது பேராசை இல்ல.

பேப்பரைக் காட்டினேன். அப்பா எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார். "சரி தம்பி. முப்பதடியை எங்க நிறுத்துறது?"

இந்த இடத்துல கொஞ்சம் கரைக்கதை சொல்லணும். கடற்கரை மணல் ஒரே இடத்துல இருக்கறதில்ல. நம்ம கிழக்குக் கரையில தென்மேற்குப் பருவ மாசங்கள்ல அலை மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்துல தெற்கே தள்ளும். வருஷக் கணக்கு முடிஞ்சா வடக்கே போறதுதான் அதிகம். 1980களோட கடைசியில புதுச்சேரி துறைமுகத்துக்கு கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு கட்டினாங்க. தெற்கே இருந்து வந்த மணல் அங்கேயே தேங்க, வடக்கே இருந்த கரைக்கு வரவு நின்னு போச்சு. வரவு நின்னாலும் செலவு நிக்கலை. கடல் அரிச்சுக்கிட்டே வந்துச்சு. அரிக்குதேன்னு ஒரு ஊர்ல கல் கொட்டினா, அரிப்பு அடுத்த ஊருக்கு வடக்கே நகர்ந்துச்சு. கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடின்னு வரிசையா அந்தக் கதைதான். புதுச்சேரி நகரத்துல மட்டும் 2018 வாக்குல கடலுக்குள்ள செயற்கைத் திட்டு ஒண்ணு வச்ச பிறகு தலைமைச் செயலகம் எதிர்ல மணல் திரும்பி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை நாம செல்ஃபி எடுக்கறோமே, அந்த மணல்தான். நண்பன் ஊருக்கு அது வரலை.

ஒரு காலத்துல வலை காயப்போட்டு, பசங்க கிரிக்கெட் ஆடின கரை அது. இப்ப கருங்கல்லு, அதுக்கு நடுவுல ஒரு சந்து மாதிரி பத்தடி மணல். அந்தப் பத்தடி வழியாத்தான் மொத்தக் குப்பமும் படகை ஏத்தி இறக்கணும். புயல் அறிவிப்பு வந்தா தெருவுக்குள்ள, வீட்டு வாசல் வரைக்கும் இழுக்கணும். முப்பதடி படகுன்னா அந்தச் சந்துல திரும்பாது. புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்துல கொண்டு போய் நிறுத்தி, தினமும் வண்டியில போய் வரணும். இல்லைன்னா அங்கேயே வாடகைக்கு வீடு பாக்கணும்.

அவுட்போர்டுக்கும் இதே கரைதான் எதிரி. அதோட கியர் பெட்டி தண்ணிக்கு அடியில நிக்கும். கல்லுல இடிச்சா, சின்ன இஞ்சின்கள்ல ஷியர் பின்னுன்னு ஒரு குட்டி ஆணி தானே உடைஞ்சு கியரைக் காப்பாத்தும். மாத்துறதுக்குள்ள அடுத்த அலை படகைத் திருப்பிடும். தினமும் நல்ல தண்ணியில ஓட விட்டு உப்பைக் கழுவணும், இல்லைன்னா குளிரூட்டுற பாதை அடைச்சுக்கும். குடிக்கற தண்ணியே குடத்துல வர்ற தெருவுல அதுக்கு ஒரு டிரம் தண்ணி! லாங் டெயில் டீசல் பெரும்பாலும் காத்துலயே குளிர்ந்துக்கும், கல்லைப் பாத்தா விசிறியைத் தூக்கிக்கலாம்.

கடைசியா அம்மாதான் விஷயத்தை உடைச்சாங்க. காபி குடுக்க வந்தவங்க என்கிட்ட மெதுவா சொன்னாங்க. "நாலு ஆளு படகுன்னா இவன் போயே ஆவணும் தம்பி. ரெண்டு ஆளு படகுன்னா அவரும் எங்க தம்பியும் போயிருவாங்க. இவனுக்கு என்னைக்காவது திரும்ப வேலைக்குப் போவணும்னு தோணிச்சின்னா, படகு புடிச்சி வெச்சுக்கக் கூடாதுன்னு அவருக்கு."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. நண்பனுக்கும் காதுல விழுந்துச்சு. "நான் போறேன்னு எப்ப சொன்னேன்?"னு கொஞ்சம் கோவமாவே கேட்டான். யாரும் பதில் சொல்லலை. அப்பா முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தார்.

இருபத்தி நாலடிதான் வாங்கினாங்க, லாங் டெயில் டீசலோட. வாங்கப் போனப்ப நானும் போனேன். படகுப் பட்டறையில அப்பா சட்டி வாங்குறவர் மாதிரி விரல் மடக்கி ஓரம் பூரா தட்டிட்டே வந்தார். கணீர்னு கேட்டா பைபர் இறுக்கமா பிடிச்சிருக்கு, பொத்துனு கேட்டா உள்ள காத்து நின்னிருக்குன்னு அர்த்தம். இஞ்சின் உக்கார்ற கட்டையில திருகு போட்ட ஓட்டைகள்ல பிசின் அடைச்சிருக்கான்னு பாத்தார். அங்க தண்ணி இறங்கினா கட்டை உள்ளுக்குள்ளயே மக்கிடும், வெளிய தெரியாது. படகு கவுந்தாலும் மிதக்கறதுக்கு உள்ள நுரை அடைச்சிருக்கான்னு நண்பன் கேட்டான். ரெண்டு பேரும் கேட்ட கேள்விகள் ஒண்ணையொண்ணு நிரப்பிச்சு. அன்னைக்கு அவங்க சண்டை போடலை.

என் கணக்குல ஒரு விஷயம் இன்னும் பாக்கி இருக்கு. கரையோர மீன் இன்னும் குறைஞ்சா இருபத்தி நாலடி படகு எவ்வளவு தூரம் துரத்தும்? நண்பன் கேட்ட அந்தக் கேள்விக்கு அப்பாகிட்டயும் பதில் இல்ல. இன்னொரு கேள்வியும் இருக்கு. படகு நல்லா பாத்துக்கிட்டா பதினஞ்சு வருஷம் வரும். அந்தப் பத்தடி மணல் எத்தனை வருஷம் வரும்?

மக்களே, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி பக்கம் யாராவது இருக்கீங்களா? உங்க கரையில என்ன இஞ்சின் ஓடுது, படகை எங்க நிறுத்துறீங்கன்னு சொல்லுங்க. நண்பன் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கான். அடுத்த தடவை போறப்ப பதிலோட போகணும். போனா அம்மா கொடுவா குழம்பு வைப்பாங்க. அதைத் திருப்பித் தண்ணியில விட மாட்டோம் :)