காற்றாடி மலையில் ஒரு நாள்

புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையின் வாயிலை நாம் கடந்தபோது காலை ஒன்பது மணி. பங்கிலிருந்து நாற்பது பேர் திருப்பயணமாக வந்திருந்தோம். பேருந்தின் கடைசி இருக்கையிலிருந்து இறுதியாக இறங்கியவர் ஒருவர். அவர் முன்பு ஒரு கடையில் கணக்கெழுதியவர். பணத்தில் கைவைத்துப் பிடிபட்டார். நிலத்தை விற்று முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்து மூன்றாண்டுகள் ஆகின்றன. ஊரின் நாவோ ஓயவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வந்தால், ஆலயத்திற்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போய்விடுவார். மனைவியின் வற்புறுத்தலால் அன்று வந்திருந்தார்.

கோட்டைக்குள் டிலனாயின் கல்லறையைக் கண்டோம். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் அவர். பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்குப் பயிற்சி அளித்தார். தோல்வியின் கசப்பை அறிந்த அவரே, பொருளிழந்து சோர்ந்திருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். பிள்ளை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

1749-இல் அவர் சிறைப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமீது அமர்த்தி, ஊர் ஊராக அவரைக் கொண்டு சென்றனர். அரண்மனைப் பணியில் மதிப்புடன் வாழ்ந்தவருக்கு இதனினும் கொடிய தண்டனை உண்டோ? சாட்டை உடலைப் புண்ணாக்கும். ஊர் நகைப்போ மனிதனின் முகத்தையே பறித்துவிடும்.

நண்பகலில் ஆரல்வாய்மொழியை அடைந்தோம். கணவாய் வழியே பாய்ந்து வந்த காற்று, நின்றவர்களைத் தள்ளியது. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடி மலை இதுவே. தட்டினால் மணியோசை எழுப்பும் பாறையைச் சூழ்ந்து சிறுவர்கள் மகிழ்ந்திருக்க, அம்மனிதர் நம்மருகே வந்தார்.

“சாமி, அவர் குற்றம் செய்யாதவர். எருமைமேல் ஏற்றினாலும் தலைநிமிர்ந்து போகலாம். நான் செய்தவன். எனக்கு இந்த மலையில் என்ன இருக்கிறது?”

குருமடத்தில் கற்ற மறுமொழி எதுவும் உடனே நாவில் வரவில்லை. சற்றுப் பொறுத்துச் சொன்னோம்: “பாவத்திற்காக வருந்துவது வேறு, வெட்கத்தால் ஒளிவது வேறு. வருத்தம் நம்மைக் கடவுளிடம் நடத்தும். வெட்கமோ ஆதாமைப்போல் மரங்களுக்கிடையே மறைக்கும். ஆயினும் ஒளிந்தவர்களைத் தேடி வந்தவர் கடவுள்தாம். அவர்களுக்கு ஆடை செய்து உடுத்தியவரும் அவரே. மன்னன் தந்த மதிப்பைவிடக் கடவுள் தந்த மதிப்பைப் பெரிதெனக் கொண்டதால் தேவசகாயம் நிமிர்ந்து நின்றார். மனந்திரும்பிய உமக்கும் அந்த மதிப்பை இறைவன் மறுக்கமாட்டார்.”

சொல்லி முடித்ததும் நம் உள்ளமே நம்மைக் குத்தியது. கடவுள் தேடி வந்தார்; நாம் தேடிச் சென்றோமா? பங்குப் பேரவையிலிருந்து அவர் பெயரை நீக்கியபின், ஒரு நாளேனும் அவர் வீட்டுப் படியை நாம் மிதித்ததில்லை. அதையும் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயம் சென்றோம். அன்று குற்றவாளியெனக் கொல்லப்பட்டவரின் திருவுடல் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. அவரையே 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் புனிதராக அறிவித்தார். மனிதரின் தீர்ப்பு இறுதித் தீர்ப்பன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

திருப்பலி தொடங்கியதும் திரும்பிப் பார்த்தோம். அவர் உள்ளே இருந்தார். கடைசி வரிசைதான், ஆனால் மரத்தடியில் அன்று, ஆலயக் கூரையின்கீழ்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் பங்கிலும் இப்படியொரு வேப்பமரம் இருக்கக்கூடும். அதன் நிழலில் நிற்பவர் யாரென்று நீங்கள் அறிவீர்கள். வரும் ஞாயிறன்று அவரருகே சென்று, கைப்பிடித்து உள்ளே அழைத்து வாருங்கள். தேடிச் செல்லும் இறைவனின் அருள் உங்கள் கால்களைக் கொண்டே நடக்க விரும்புகிறது.