அறுபது என்று எழுதிய துண்டு

"மிஸ், இதில 60 எண்டு கிடக்கு. புற்றுநோயே?"

கிளினிக்கால் வந்த அந்தச் சகோதரி இரத்தப் பரிசோதனைத் துண்டை என் மேசையில் வைத்தார். பிள்ளைகளை எந்த விடுதியில் சேர்க்கலாம் என்பதே அவரது அடுத்த கேள்வி.

ஈ.எஸ்.ஆர். பற்றி எனக்கும் அன்று தெரியாது. சமூகவியல் படித்தவளுக்கு ஆய்வுகூடத்து விடயம் எங்கே விளங்கும்! விசாரித்துத்தான் அறிந்தேன். உறையாமல் மருந்து கலந்த குருதியை நீண்ட மெல்லிய குழாயில் நிமிர்த்தி வைக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்தில் செங்கலங்கள் எத்தனை மில்லிமீற்றர் கீழிறங்குகின்றன என்பதே அந்த எண். உடலில் அழற்சி இருந்தால் குருதியில் சில புரதங்கள் கூடும். செங்கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரைவாக இறங்கும். கசநோய், மூட்டுவாதம், ஆறாத புண் எதுவாகவும் இருக்கலாம். கர்ப்பத்திலும் குருதிச்சோகையிலும்கூட எண் ஏறும். 50 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு 20 வரை சாதாரணம். ஆகவே 60 என்பது நோயின் பெயரல்ல. புகை தெரிகிறது, எந்த வளவில் என்று தெரியாது. அவ்வளவுதான்.

"வேறை ஏதும் நோ இருக்கோ?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "2009இல பட்ட ஷெல் துண்டு துடைக்குள்ள கிடக்கு. இடைக்கிடை சீழ் வரும்."

"டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

"அத்தனை சனத்துக்குள்ள எப்பிடிக் காட்டுறது மிஸ்?"

அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போய்த் திரையை இழுத்துவிட்டு நின்றேன். வைத்தியர் சீழைப் பரிசோதனைக்கு எடுத்தார், எக்ஸ்றேயும் எழுதினார். விடுதிக்கான படிவத்தை அவர் பிறகு என்னிடம் கேட்கவில்லை.