சால்வைக் கவர்

பாபநாசத்துல இன்னைக்கு ஒரு வனவரோட பணிநிறைவு விழா.
களக்காடு முண்டந்துறை 1988-ல தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம் ஆச்சுல்லா, அதுக்குக் கொஞ்ச வருசம் கழிச்சு காக்கி போட்டவரு.

எனக்கு அவரைத் தெரிஞ்சதே ஒரு சண்டையிலதான்.

ஆடி அமாவாசை. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போறோம்.
செக்போஸ்ட்ல பையைத் திறக்கச் சொன்னாரு.
ஷாம்பு பாக்கெட், சோப்பு, பாலிதீன் பை எல்லாம் வெளிய வந்துட்டு.

"சாமி கும்பிடப் போறவன்கிட்ட இதென்ன சார்?"னு குதிச்சேன்.
"ஆத்துல போடாம கும்பிட்டுட்டு வாங்க, திரும்பும்போது தாரேன்"னாரு.

தந்தாரு. எண்ணி, பேப்பர்ல மடிச்சு.
எனக்குத்தான் மூஞ்சியை எங்க வைக்கன்னு தெரியல.

இன்னைக்கு மேடையில எல்லாரும் புலி, யானைன்னே பேசினாங்க.
பாவம், அவரு சமாளிச்சதுல பாதி என்னை மாதிரி ஆளுங்க.

நானும் ஏறி சால்வை போர்த்தினேன்.
அவரு சால்வையைப் பாக்கல. என் கையில இருந்த அதோட பிளாஸ்டிக் கவரைப் பாத்தாரு.
வாங்கி, நாலா மடிச்சு, சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு.
போட்டோல அதுவும் எட்டிப் பாக்கு.

ரெண்டாந்தடவையும் மாட்டிக்கிட்டேன்!

வர்ற ஆடிக்கு என் பையை யாருய்யா பாப்பா?